லேப்டாப்புக்கு வந்த காய்ச்சல்

என் கணவருக்கு வேலையே சூட்டைக் குறைப்பதுதான். கல்பாக்கத்தில் அவர் இருந்த பிரிவில், கொதிக்கிற இடத்திலிருந்து சூட்டை எப்படி எடுத்துக்கொண்டு போய் எங்கே விடுவது என்று நிறையப் படித்தவர்கள் வருடக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நாட்டுக்குத் தேவையான வேலை. எங்கள் வீட்டிலும் ஒரு பொருள் சூடாகிக்கொண்டிருந்தது, அது என் லேப்டாப். அதற்குத்தான் அந்த யோசனையெல்லாம் வந்து சேரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். குவார்ட்டர்ஸ் இன்னும் கிடைக்காததால் புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வரும். கடல்காற்று என்றதும் சென்னைச் சொந்தக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஜன்னல் கம்பியும், சைக்கிளும், டிவிக்குப் பின்னால் இருக்கிற அத்தனை ஒயரும் அந்தக் காற்றில் துருப்பிடித்து உதிர்வதைப் பார்க்க அவர்கள் இருப்பதில்லை. ஞாயிறு மாலையே கிளம்பிவிடுவார்கள்.

நான் அப்போது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்துகொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன நோய், என்ன மருந்து என்பதை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தப் பதிவு இன்டர்நெட் வழியாகக் காலையில் என்னிடம் வந்து சேரும். ஹெட்போனில் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து, மாலைக்குள் சென்னை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவை நிறுத்தவும் ஓட்டவும் காலுக்கடியில் தையல் மெஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி. அதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு அம்மா இரண்டு ஜாக்கெட் துணியோடு மாடியேறி வந்தார். நான் தைப்பதில்லை, டாக்டர் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன் என்று விளக்கினேன். "ஏம்மா, டாக்டருக்கு எழுதத் தெரியாதா?" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அந்த டாக்டர்கள் நின்று நிதானமாகப் பேசுகிற ஜாதி இல்லை. ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். ஒருவர் கார் ஓட்டிக்கொண்டே சொல்வார். இன்னொருவர் எங்கே உட்கார்ந்து சொல்கிறார் என்பதைப் பின்னால் கேட்கிற தண்ணீர்ச் சத்தத்தை வைத்து ஊகிக்கலாம், ஊகிக்காமலிருப்பது நல்லது. இவர்கள் வாயிலிருந்து வருவதில் ஓர் எழுத்து மாறினாலும் நோயாளியின் நோயே மாறிவிடும்.

லேப்டாப், அமெரிக்காவிலிருந்த கொழுந்தன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. நல்ல மெஷின்தான், மெதுவாக இருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது, "ஃபைல் திறக்கறதுக்குள்ள ஒரு காபி போட்டுடலாம் போலிருக்கு" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். என் கணவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மிக்ஸி ரிப்பேரானபோதும் அதே பார்வைதான் பார்த்தார். அதற்கப்புறம் புது மிக்ஸி வாங்கினோம்.

"மெமரி பத்தல. கூட ஒரு ரேம் போட்டா பறக்கும். நானே போட்டுருவேன்" என்றார்.

சனிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு போனோம். எனக்குப் பிறந்த ஊர் அது. ஸ்டேஷன் பக்கத்தில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை ஒன்று புதிதாக வந்திருந்தது. கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குட்த்துட்டு டீ சாப்ட்டு வா சார், நானே மாட்டி வெச்சிட்றேன்" என்றார்.

"வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றார் என் கணவர். அவருக்குத் திருநெல்வேலி. கௌரவம் கூடும்போது ஊர்ப்பேச்சும் கூடும்.

"நீ இன்னா வேலை சார் செய்ற?"

சொன்னார். கடைக்காரர் மரியாதையாக ரேமை எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். அணு ஆராய்ச்சி செய்கிறவரிடம் போய் ஸ்க்ரூ முடுக்கத் தெரியுமா என்று யார் கேட்பார்கள்?

மறுநாள் சாப்பாட்டு மேஜை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. தினசரித் தாள் விரிக்கப்பட்டது. மின்விசிறியை நிறுத்தினார், தூசி பறக்குமாம். உடம்பில் இருக்கிற மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும் என்று ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டு வந்தார். என்னை ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தள்ளி நிற்கச் சொன்னார். வேர்த்துக் கொட்ட, அடிப்பக்கத்து மூடியைக் கழற்றி, ரேமைச் செருகி, மூடினார். ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது.

"இது எங்கேருந்து வந்தது?" என்றேன்.

"அது கூடுதலா வெச்சிருப்பான் கம்பெனிக்காரன்."

அப்படிப்பட்ட தாராளமான கம்பெனியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஸ்க்ரூவைச் சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குள் போட்டு வைத்தேன்.

லேப்டாப்பைப் போட்டதும், சொன்னது போலவே பறந்தது. காபி போடுவதற்குள் ஃபைல் திறந்துகொண்டது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அன்று சாயங்காலம் முழுக்க அதிலேயே உட்கார்ந்து, இடம் இருக்கிறது, இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே என்னென்னவோ செய்தார். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை சத்தம் ஆரம்பித்தது.

லேப்டாப்புக்குள் ஒரு குட்டி விசிறி உண்டு. அதுவரை அது இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று அது தான் இருப்பதை அறிவித்தது. முதலில் மெல்லிய விசில். பிறகு மாவரைக்கிற மாதிரி. பதினோரு மணிக்கு மாமல்லபுரம் சாலையோரத்தில் கல் அறுக்கிற மெஷின் வைத்திருக்கிறார்களே, அந்தச் சுருதியைப் பிடித்துவிட்டது. பிறகு இறங்கவே இல்லை. அடிப்பக்கத்தைத் தொட்டேன். தோசை வார்க்கலாம்.

ஹெட்போனுக்குள் டாக்டர் பேசுகிறார், வெளியே இது பேசுகிறது. இரண்டில் இதற்குத்தான் உச்சரிப்பு தெளிவாக இருந்தது.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "சத்தம் வருதுன்னா ஃபேன் ஓடுதுன்னு அர்த்தம். சத்தம் வரலேன்னாத்தான் நாம பயப்படணும்" என்றார்.

"எனக்கு டாக்டர் பேசறது கேக்கலியே."

"கொஞ்சம் சத்தமா வெச்சுக் கேளேன்."

இதுவரை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த எல்லாத் தொழில்நுட்ப ஆலோசனைகளிலும் இதுதான் சுருக்கமானது.

இரண்டு நாளில் அது தானாகவே அணையவும் ஆரம்பித்தது. சூடு ஓர் அளவுக்கு மேல் போனால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுமாம். நல்ல குணம். ஆனால் பாதி தட்டச்சு செய்த ஒரு குடல் ஆபரேஷனையும் சேர்த்து அணைத்துவிடும். நான் இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப்பை வைத்தேன், குழிகளின் ஓட்டை வழியாகக் காற்றுப் போகட்டும் என்று. டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன். இப்போது இரண்டு விசிறிகளின் சத்தம். மத்தியானம் மின்வெட்டு. கரண்டு தயாரிக்கிற இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்தும் எங்களுக்கு மின்வெட்டு ஒரு நாளும் தவறியதில்லை. விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று கணவர் தத்துவம் சொல்வார். எனக்கு ஃபைல் அனுப்பியாக வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் சென்னை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாங்கள் அனுப்புவதைச் சரிபார்க்கிற பெண். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம். எப்போதும் "என்ன மேடம், சாப்டாச்சா?" என்று ஆரம்பிப்பவள் அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"மேடம், நேத்து அனுப்பினதுல ஒரு பாட்டிக்கு ஹைப்பர்டென்ஷன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"டாக்டர் சொன்னது ஹைப்போடென்ஷன். அந்தம்மா பிரஷர் இறங்கி மயக்கமாகி வந்திருக்காங்க. நீங்க ஏத்தி விட்டுட்டீங்க."

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பக்கத்தில் அவ்வளவு சூடான பொருள் இருந்தும்.

"நான் பாத்து மாத்திட்டேன். ஆனா மேலே சொல்லாம இருக்க முடியாது. இன்னும் ஒண்ணு இப்படி வந்தா உங்களுக்கு ஃபைல் தர்றதை நிறுத்திடுவாங்க மேடம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

போனை வைத்தேன். எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒரு அம்மாள், நல்ல வேளையாக எதுவும் தெரியாமல் படுத்திருக்கிறார். அவர் ரத்த அழுத்தத்துக்கும் புதுப்பட்டினத்து மாடி வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சொன்னால் நம்புவாரா?

கணவர் வந்ததும் எனக்குச் செங்கல்பட்டு வந்துவிட்டது. கோபம் ஏறினால் கல்யாணத்துக்கப்புறம் பழகிய மரியாதைப் பேச்செல்லாம் என்னை விட்டு ஓடிவிடும். "இன்னா பண்ணி வெச்சிகீற நீ இதுல? என் வேலையே பூடும் போல கீது" என்றேன். அவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நான் அவரை நீ என்று கூப்பிட்டது, என் ஞாபகத்தில், அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை ஆளுங்களைக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

ஞாயிறன்று மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் காற்றும் தண்ணீரும் குழாயில் எப்படிப் போகும் என்று படித்தவர். ஒருவர் உலோகம். இன்னொருவர் அளவெடுக்கும் கருவிகள். நான் வாழைக்காய் சீவினேன். அவர்கள் லேப்டாப்பை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். கருவிக்காரர் ஒரு மெல்லிய கம்பியை அதன் வயிற்றில் ஒட்டி, நேரத்துக்கு நேரம் சூட்டைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்தார். கோடு மேலே போயிற்று. அது எனக்குத் தாளில்லாமலே தெரியும்.

உலோகக்காரர், உப்புக் காற்றுதான் காரணம் என்றார். குழாய்க்காரர், காற்று நுழைகிற வாய் சிறியது, அடிப்படை வடிவமைப்பே தவறு என்று அந்த மெஷினைச் செய்த தேசத்தையே கண்டித்தார். மிச்சமான ஸ்க்ரூவைக் கொண்டு வரச் சொன்னார்கள். சிமிழிலிருந்து எடுத்துக் குங்குமத்தோடு கொடுத்தேன். அதைக் கையில் வாங்கி ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். அந்த மதியத்தில் அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றிலும், பஜ்ஜியிலும்.

இரண்டாவது ஈடு பஜ்ஜியை வைக்கும்போது கேட்டேன். "அது என்ன வேலை செஞ்சு இவ்வளவு சூடாகுதுன்னு யாராவது பாத்தீங்களா? இப்ப நான் ஒண்ணும் டைப் பண்ணலியே. சும்மாதானே இருக்கு."

குழாய்க்காரர் கனிவாகச் சிரித்தார். "புது மெமரி இல்லியாம்மா, அது செட்டாக டைம் எடுக்கும்" என்றார். என்னவோ புது மருமகள் போல. இன்னும் சில வாரம் கவனித்துவிட்டு மறுபடி கூடலாம் என்று சொல்லிப் புறப்பட்டார்கள். கோடு போட்ட தாளைக் கணவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

எனக்குச் சில வாரம் இல்லை. திங்கட்கிழமை காலை முதல் ஃபைல், நான் வழக்கமாகக் கேட்கிற ஒரு டாக்டருடையது. அவர் எதையும் ஒரே வரிசையில்தான் சொல்வார். என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, அதற்கு முன் புதிதாக என்ன மருந்து எடுத்தார், டாக்டரைக் கேட்காமல் கடையில் தானே வாங்கிச் சாப்பிட்டது உட்பட. அந்த நோயாளி ஒரே வேலையைச் செய்கிற இரண்டு மாத்திரைகளை ஒரே சமயத்தில் விழுங்கிக்கொண்டிருந்தார். ஒன்றை நிறுத்தச் சொன்னேன் என்று டாக்டர் முடித்தார்.

இரைச்சலுக்கு நடுவே அதை நான் மூன்று தடவை ஓட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். செய்து முடித்த பிறகுதான், இதே கேள்விகளை எதிரில் சூடாக உட்கார்ந்திருக்கிற இவனிடம் யாரும் கேட்கவில்லையே என்று தோன்றியது. தொந்தரவு தொடங்கியது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் அவர் ரேம் மட்டுமா போட்டார்? சாயங்காலம் முழுக்க இடம் இருக்கிறது என்று சொல்லி வேறு என்ன போட்டார்?

எந்த நிரல் ஓடுகிறது, எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் ஒரு பெட்டி உண்டு. அதைத் திறந்தேன். இரண்டு ஆன்டிவைரஸ்கள். ஒன்று முன்பே இருந்தது. இன்னொன்று யாரோ நண்பர் சிடியில் கொடுத்ததை அந்த ஞாயிறன்று ஏற்றியிருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தன. இது ஒரு ஃபைலைத் திறந்து சோதித்தால், யாரோ ஃபைலைத் திறக்கிறான் என்று அது ஓடிவந்து சோதிக்கும். அது சோதிப்பதைப் பார்த்து இது திரும்பச் சோதிக்கும். ராத்திரி பகலாக இதே வேலை. மெஷினின் மொத்தச் சக்தியும் இந்த இரண்டு காவல்காரர்களின் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. ரேம் பாவம், அதன் பாட்டுக்குச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

சிடியில் வந்ததை எடுத்துவிட்டு, அணைத்து, மறுபடி போட்டேன்.

விசிறி கொஞ்ச நேரம் பழக்க தோஷத்தில் கத்தியது. பிறகு இறங்கியது. இன்னும் இறங்கியது. நின்றேவிட்டது போலிருந்தது. கீழ்வீட்டில் குக்கர் விசில் கேட்டது. தெருவில் மீன்காரம்மாவோடு யாரோ சங்கராவுக்குப் பேரம் பேசுவது ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அழுது முடித்துவிட்டு மிச்ச ஃபைல்களை முடித்தேன். அன்று மாலை அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை என்று சென்னைப் பெண் மறுநாள் கூப்பிட்டுச் சொன்னாள். சாப்டாச்சா என்றும் கேட்டாள்.

கணவர் வந்ததும் கதவருகிலேயே நின்று காதைத் தீட்டினார். "சத்தத்தைக் காணோமே."

"ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டிருந்தீங்க. ஒண்ணை எடுத்துட்டேன்."

செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எதை எடுத்தே?"

"சிடியில வந்ததை."

"அதுதாம்மா ரெண்டுல நல்லது" என்றார். பிறகு கை கால் கழுவிவிட்டு வந்து, குழாய்க்காரருக்குப் போன் போட்டார். ஒரே வேலைக்கு இரண்டு பாதுகாப்பு அமைப்புகளை வைத்தால் அவை ஒன்றுக்கொன்று இடைஞ்சலாகிவிடுகிற சிக்கலைப் பற்றி ரொம்ப நேரம் ஆங்கிலத்தில் விளக்கினார். 'நாம் கண்டுபிடித்தோம்' என்றுதான் சொன்னார். அந்த 'நாம்' யார் யார் என்று சமையலறையிலிருந்து நான் எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

அந்த வாரம் அவருக்கு ஒரு நாள் லீவு. நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி அவர் உட்கார்ந்ததில்லை. என்ன செய்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினேன். மிதியை அழுத்தினேன். கார் ஓட்டிக்கொண்டே பேசுகிற டாக்டர்.

முகத்தைச் சுளித்தார். "என்ன பாஷை இது?"

"இங்கிலீஷ்தான்."

மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். அவரே ஒரு வரி தட்டச்சு செய்ய முயன்றார். ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். நோயாளிக்கு 'இடது முழங்காலில் நிமோனியா' என்று வந்தது. சிரிக்காமலிருக்கக் கஷ்டப்பட்டேன்.

"நுரையீரலுங்க. இடது நுரையீரலோட கீழ்ப்பகுதி" என்று ஹெட்போனை வாங்கி மிச்சத்தைத் தட்டச்சு செய்தேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். இருமலோடு பல நாள் வீட்டிலேயே இருந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தாராம். அதையும் டாக்டர் கார் ஓட்டிக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்யச் செய்யக் கணவர் திரையில் படித்துக்கொண்டே வந்தார். சாப்பிட எழுந்திருக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். காலையில் ஆபீசுக்குக் கிளம்புகிறவர், டிபன் கேரியரைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்தத் தாத்தாவுக்கு என்னாச்சு?"

"எந்தத் தாத்தா?"

"நிமோனியா."

"தெரியாதுங்க. அடுத்த ஃபைல் வேற யாருக்காவது போயிருக்கும். எங்களுக்கு முடிவு தெரியாது."

"கேட்டுப் பாக்க முடியாதா?"

"கேக்கக்கூடாது."

அவர் யோசித்தார். சூட்டைப் பற்றி யோசிக்கும்போது வருகிற அதே முகம். "ஆன்டிபயாடிக் ஒண்ணுதானே குடுத்தான்? ரெண்டு குடுக்கலியே?" என்றார்.

"ஒண்ணுதான்."

"அப்ப சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.